தாசில்தாரின் திமில்

கல்யாணம் ஆகவேண்டிய வயதில் ஒருவன் வீட்டுக்குள் உட்கார்ந்து பொம்மை ஒட்டிக்கொண்டிருந்தால் ஊர் என்ன பேசுமோ, அதையேதான் ஆனையூரில் ஜெரால்டைப் பற்றியும் பேசினார்கள். அவன் ஒரு மிஷன் பள்ளியில் அலுவலகக் கிளார்க். பகலெல்லாம் டி.சி., போனாஃபைட் என்று முத்திரை குத்துவான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரெசின் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் பொம்மைகளோடு உட்கார்ந்துவிடுவான்.

அந்தப் பொம்மைகள் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் துண்டு துண்டாக வரும். தலை தனி, கை தனி, கால் தனி. ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் அடித்தால் அரக்கனோ தேவதையோ எழுந்து நிற்பார்கள். சாதாரண மனுஷனுக்கு அது போதும். ஜெரால்டுக்குப் போதாது. வந்த ஆளை வந்தபடியே விட்டுவைக்க அவன் கை ஒப்பாது. எப்பாக்ஸி களிமண்ணைப் பிசைந்து அங்கே அப்பி, இங்கே சீவி, ஆளையே வேறு ஆளாக்கிவிடுவான். ஒரு தடவை விண்வெளி ராணி ஒருத்தியைத் தலைமையாசிரியை சிஸ்டராக மாற்றினான். லேசர் துப்பாக்கி இருந்த கையில் பிரம்பைக் கொடுத்தான். முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் தேவைப்படவில்லை. சிஸ்டர் மனம் குளிர்ந்து அதைத் தன் மேசை மேலேயே வைத்துக்கொண்டார்.

அதே பள்ளியில் அறிவியல் ஆசிரியை தமிழ்வாணி. அலங்காநல்லூரை ஒட்டிய ஒரு கிராமத்துப் பெண். அவளும் ஜெரால்டும் விரும்பியது பள்ளிக்கூடத்துச் சுவர் வரைக்கும் தெரியும். தெரிய வேண்டியவர் ஒருவருக்குத்தான் கடைசியில் தெரிந்தது. அவள் அப்பா விருமாண்டி. கரும்பும் நெல்லும் போடுகிற சம்சாரி. கோபக்காரர். பையன் கிறிஸ்தவன், ‘வேதக்காரன்’ என்று கேட்டதும் சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். தமிழ்வாணியும் தன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அப்பனும் மகளும் மாற்றி மாற்றித் தட்டைத் தள்ளியதில் விருமாண்டியின் மனைவி செல்லத்தாய்தான் இளைத்துப்போனாள். கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

“ஞாயித்துக்கெழம வரச் சொல்லு, ஆளப் பாப்போம். எனக்குப் பிடிக்கலைன்னு வச்சுக்க, தை பொறந்ததும் நான் சொல்ற எடந்தான். பேச்சு மாறக் கூடாது.”

ஜெரால்டின் வாழ்க்கை அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றது.

“ஒண்ணும் பண்ணாத. பழம் வாங்கிட்டு வா, ஒழுங்கா சட்ட போட்டுட்டு வா, அது போதும்” என்று தமிழ்வாணி போனில் படித்துப் படித்துச் சொன்னாள். “எங்கப்பாவுக்கு உசுரு அந்த மாடுதான். அதப் பத்தி ஏதாச்சும் கேட்டா தலைய மட்டும் ஆட்டு.”

விருமாண்டி ஒரு ஜல்லிக்கட்டுக் காளை வைத்திருந்தார். அதன் பெயர் தாசில்தார். என்ன முயன்றாலும் பிடிக்க முடியாத ஆள் தாசில்தார்தானே என்று அவரே வைத்த பெயர். ‘அவர் உயிரே அந்த மாடுதான்’ என்ற ஒரு வரி மட்டும் ஜெரால்டின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மற்றதெல்லாம் காதோடு போயிற்று. சும்மா பார்ப்பதற்கு என்று சொல்லி, மாட்டின் படத்தையும், கோயில் திருவிழா ஃப்ளெக்ஸில் விருமாண்டி கும்பிட்டுக்கொண்டு நிற்கும் படத்தையும் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

அவன் கையில் அப்போது பிரிக்காத ஒரு பெட்டி இருந்தது. ஒரு வீரன், மூன்று கொம்பு அரக்க மிருகம் ஒன்றின் முதுகைக் கட்டிப்பிடித்து மல்லுக்கட்டும் சிலை. மிருகத்தின் வாய் ஆவென்று திறந்திருக்கும், தலை ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருக்கும். வீரனின் இரண்டு கையும் அதன் முதுகைச் சுற்றிப் பூட்டுப் போட்டமாதிரி கோத்திருக்கும். படத்தைப் பார்த்ததும் ஜெரால்டுக்குப் புல்லரித்தது. மிருகத்தைத் தாசில்தார் ஆக்கிவிட்டால், கட்டிப்பிடித்திருக்கும் வீரனை விருமாண்டி ஆக்கிவிட்டால், மாட்டின் மேல் மாமனாருக்கு இருக்கும் பாசம் அப்படியே சிலையாக நிற்கும்! இதைவிடச் சீர் என்ன வேண்டும்?

வேலை மும்முரமாக நடந்தது. நடுக்கொம்பை அறுத்து எடுத்தான். நகம் வைத்த பாதங்களைக் குளம்பாக்கினான். பல்லி வாலைக் கழற்றிவிட்டுச் செப்புக் கம்பியில் ஒரு வால் முறுக்கி நுனியில் சணல் நார் கட்டினான். முதுகில் களிமண்ணைக் குவித்துத் திமில் எழுப்பினான். வீரனின் விரல்கள் அந்தத் திமிலில் நன்றாகப் பதியும்படி மண்ணை விரலுக்கு மேலேயும் இழைத்துவிட்டான். பிறகு வீரனிடம் வந்தான். தகடு தகடாக இருந்த வயிற்றை ஒரே தொப்பையால் மூடினான். இரும்புக் கவசத்தின் மேல் வேட்டி சுற்றினான். தோளில் துண்டு போட்டான். முகத்துக்கு ஒரு மீசை வைத்தான். பாதி முகம் அதிலேயே முடிந்துபோனதால் மீதி சுலபமாக வந்துவிட்டது. ஒரு கால் சரியாக வளையாததால் அதை வெந்நீரில் போட்டு இளக்கி வளைத்தான். ரெசின் சூட்டுக்கு இளகும். அவன் எடுத்த பாத்திரம்தான் இட்லிக் கொப்பரை.

“அடேய், அது நம்ம தின்கிற பாத்திரம்டா!” என்று அம்மா அற்புதமேரி கத்தினாள். “ஊரு உலகத்துல பிள்ளைங்க பொண்ணு வீட்டுக்குப் பூ கொண்டுபோகும். நீ எதுக்குடா ஒரு ஆளையே வேக வக்கிற?”

“பொறும்மா. இதப் பாத்தா அவரு அழுதுருவாரு.”

அந்தப் பாவி வாக்கு ஏறக்குறைய பலித்தது.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு ஜெரால்டு போய்ச் சேர்ந்தான். செல்லத்தாய் வாசலுக்கே வந்து வாங்க என்றாள், காப்பி கொண்டுவந்து முன்னால் வைத்தாள். விருமாண்டி ஃப்ளெக்ஸில் பார்த்ததைவிடப் பெரியவராக இருந்தார். ஆனாலும் முகத்தில் கடுமை இல்லை. “என்னப்பா, வெயில்ல வந்திருக்க, முதல்ல காப்பியக் குடி” என்றார். அவ்வளவு நன்றாக ஆரம்பித்த காரியம்! குடித்திருக்கலாம் அவன். குடிக்காமல் பெட்டியைத் திறந்தான்.

சிலை மேசை மேல் ஏறியது. தமிழ்வாணி ஒரே பார்வையில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆச்சரியத்தில் பொத்துகிறாள் என்று ஜெரால்டு நினைத்தான்.

விருமாண்டி குனிந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார்.

“இது யாரு?”

“நீங்கதான் மாமா.”

“மாமாவா? அது இருக்கட்டும். இது?”

“நம்ம தாசில்தாரு.”

“நான் என்ன பண்ணிட்டு இருக்கேன்?”

“கட்டிப் பிடிச்சிருக்கீங்க மாமா. பாசத்துல.”

“எதப் பிடிச்சிருக்கேன்?”

“திமில” என்றான் ஜெரால்டு, பெருமையாக.

செல்லத்தாய் மெதுவாக வந்து, அவன் முன்னால் இருந்த காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அலங்காநல்லூர் இருக்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தும் ஜெரால்டு ஒரு ஜல்லிக்கட்டைக்கூட நேரில் பார்த்ததில்லை. டிவியில் பார்த்திருக்கிறான். திமிலைப் பிடித்தவன் பரிசு வாங்குவான், கைதட்டல் வாங்குவான். ஆகவே பிடிப்பவன்தான் கதாநாயகன் என்பது அவன் கணக்கு. கடையில் விற்கும் சிலையெல்லாம்கூட அப்படித்தானே இருக்கிறது? ஆனால் அதெல்லாம் மாடு பிடிக்கிறவன் வீட்டுக் கணக்கு. மாடு வளர்க்கிறவன் வீட்டில் கணக்கு தலைகீழ். எவன் கையும் படாமல் போய்ச் சேர்ந்த திமில்தான் அங்கே மரியாதை. மாடு பிடிபட்டது என்று அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லக்கூட மாட்டார்கள்.

“இந்த மாட்டுத் திமிலு மேல இன்னைக்கு வரைக்கும் ஒரு பய கை வச்சதில்ல” என்றார் விருமாண்டி. குரல் உயரவில்லை. “வாடிவாசல விட்டு வந்தா சிட்டாப் பறக்குற மாடு. தை வருது, அது எறங்கப்போற நேரம். அதப் பிடிபட்டதா செஞ்சு, எவன் பிடிச்சதுன்னு கேட்டா... நானா? எம் மாட்ட நானே பிடிச்சேனா? இத வெளிய யாராச்சும் பாத்தா நான் தலையில துண்டப் போட்டுக்கிட்டுத்தான் போகணும்.”

“மாமா, அது பாசத்துல...”

“தம்பி, நீங்க கெளம்புங்க.”

அவர் ‘நீ போடா’ என்று கத்தியிருந்தால்கூட ஜெரால்டு பிழைத்திருப்பான். அந்த ‘நீங்க’வைக் கேட்டதும் சிலையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துக் கட்டினான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தால்கூடப் பரவாயில்லை, குரங்கைக் கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள் உண்டு. இவன் பிடித்ததற்குக் கும்பிடு போட ஆளே இல்லை.

அன்று சாயங்காலம் தமிழ்வாணி போன் செய்தாள். முதலில் திட்டினாள், நடுவில் சிரித்தாள், கடைசியில் அழுதாள். “அப்பா பாத்து வச்சிருக்குற எடத்துக்கே ஆள் அனுப்பிட்டாரு ஜெரால்டு. பொங்கல் கழிச்சு வந்து பாப்பாங்களாம். நீ ஆக்குன கூத்த நீயே சரி பண்ணு.” அவள் அழுததைக் கேட்டபோது அவனுக்கும் அழுகை வந்தது. அவளை விட்டுவிட்டு இன்னொருத்தியை நினைத்துப் பார்க்கவே அவனால் முடியவில்லை. பழமும் சட்டையுமாகப் போயிருந்தால் இந்நேரம் நிச்சயமே பேசியிருப்பார்கள்.

மறுநாளே வாளை எடுத்தான். வாள் என்றால் நகவெட்டி அளவு இருக்கும் பொடி ரம்பம். விருமாண்டியைத் திமிலிலிருந்து பிரித்து எடுத்துவிடலாம் என்பது திட்டம். ஆனால் எப்பாக்ஸி களிமண் இறுகிவிட்டால் கல்தான். விரல்களை இழுத்தால் திமிலும் சேர்ந்து வரும் போலிருந்தது. வேறு வழியில்லாமல் மணிக்கட்டோடு அறுத்தான். ஆள் கழன்றார். திமிலில் இரண்டு கை மட்டும் தொங்கியது. பார்த்தால் தாசில்தார் ஓர் ஆளைத் தின்றுவிட்டு மிச்சம் வைத்தது போலிருந்தது.

அந்தக் கைகளின் மேலேயே களிமண்ணை வைத்து மூடினான். திமில் இன்னும் ஒரு சுற்று உயர்ந்தது. சரி, மாட்டை மட்டும் கொடுத்துவிடலாம் என்று தள்ளி வைத்துப் பார்த்தான். மல்லுக்கட்டும் மிருகத்துக்காக முறுக்கிய கழுத்தும் திறந்த வாயும் ஆள் இல்லாமல் பார்க்கச் சகிக்கவில்லை.

“பாவம், வயித்து வலி வந்த மாடா?” என்றாள் அற்புதமேரி.

அப்போதுதான் அவனுக்கு யோசனை தட்டியது. பிடிக்க வந்தவனை மாடு தூக்கி எறிந்துவிட்டது என்று வைத்தால் கழுத்து முறுக்கலுக்கும் காரணம் கிடைத்துவிடும், மாட்டுக்கும் மரியாதை. இட்லிக் கொப்பரை மறுபடி அடுப்பில் ஏறியது. அறுத்த ஆளை வெந்நீரில் போட்டு இடுப்பை வளைத்தான், காலை அகட்டினான். செப்புக் கம்பியில் புதிதாக இரண்டு கை செய்து, காற்றைப் பிடிக்கத் துழாவுகிறமாதிரி விரித்தான். மெல்லிய கம்பி ஒன்றில் அவரைத் தாசில்தாரின் கொம்புக்கு மேலே தலைகீழாகப் பறக்கவிட்டான். அற்புதமாக வந்திருந்தது.

அற்புதமேரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “ஏன்டா, மீசை அப்படியே இருக்கு? இது அந்தப் பொண்ணோட அப்பா இல்ல?”

ஜெரால்டு சிலையைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

“மாமனார மாடு தூக்கி எறியுற மாதிரி செஞ்சு மாமனாருக்கே கொண்டுபோய்க் குடுப்பியா? இது சீராடா, செய்வினையா?”

ஆக, முகத்தை மாற்ற வேண்டும். யார் முகத்தை வைப்பது? அலங்காநல்லூர்ப் பக்கம் மாடு பிடிக்கிற பையன் ஒவ்வொருவனும் யாருக்காவது மச்சானாகவோ மருமகனாகவோ இருப்பான். யார் முகத்தை வைத்தாலும் ஒரு தெருவே சண்டைக்கு வரும். எந்தத் தெருவிலிருந்தும் சண்டைக்கு ஆள் வராத முகம் எது என்று யோசித்துக்கொண்டே நிமிர்ந்தான். எதிர்ச்சுவரில் கண்ணாடி மாட்டியிருந்தது.

மீசையைச் சீவி எடுத்தான். மூக்கைச் சின்னதாக்கினான். நூல்போன்ற கம்பியில் மூக்குக்கண்ணாடி வளைத்து, ஒரு காதில் மட்டும் மாட்டித் தொங்கவிட்டான். வேட்டியைப் பேன்ட் ஆக்கினான். கழுத்தில் பள்ளிக்கூட அடையாள அட்டையைத் தொங்கவிட்டான், அதுவும் தலைகீழாகப் பறந்தது. தன்னையே எறிந்துவிட்டு உட்கார்ந்து பார்க்கையில் அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, என்னவோ மனதுக்கு லேசாகவும் இருந்தது. கடைசியாகத் தொப்பையைச் சீவக் கத்தியை எடுத்தான்.

“அத எடுக்காத” என்றாள் அற்புதமேரி. “உனக்கும் அது அளவாத்தான் இருக்கு.”

பொங்கலுக்கு முந்தைய வாரம், யாரும் கூப்பிடாமலேயே பெட்டியும் கையுமாகப் போனான். விருமாண்டி வீட்டுப் பக்கவாட்டில் மாட்டுக்கொட்டத்து வாசலில் நின்று, தாசில்தாரின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். படத்தில் பார்த்ததைவிட மாடு பத்து மடங்கு மாடாக இருந்தது. தமிழ்வாணி சமையலறை ஜன்னலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“திரும்பவும் பொம்மையா?” என்றார் விருமாண்டி.

“ஒரு தடவ மட்டும் பாருங்கய்யா. பிடிக்கலைன்னா இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்.” ‘மாமா’ என்று சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அவர் சிலையைக் கையில் வாங்கினார். முதலில் மாட்டைப் பார்த்தார். “திமிலு நல்லா ஏறியிருக்கே” என்றார், தன்னை அறியாமல். அந்தத் திமிலுக்குள் அவருடைய இரண்டு கைகளும் புதைந்து கிடப்பதை ஜெரால்டு சொல்லவில்லை. கேட்காத உண்மையை வலியப் போய்ச் சொல்ல வேண்டும் என்று வேதத்திலும் கட்டாயம் இல்லை.

பிறகு மேலே பறக்கிறவனைப் பார்த்தார். ஒற்றைக் காதில் தொங்கும் கண்ணாடியைப் பார்த்தார். நிமிர்ந்து ஜெரால்டைப் பார்த்தார்.

“இது நீங்களா?”

“ஆமாங்கய்யா.”

“எதுக்கு?”

“வேற யாரப் போட்டாலும் சண்ட வருங்கய்யா. எனக்காக யாரும் வரமாட்டாங்க.” அவன் சிலையில் பறக்கிறவனைக் காட்டினான். “அதுவும் போக, மாட்டப் பத்தி ஒண்ணுமே தெரியாம வந்து கைய வச்சது நான்தான. தூக்கி எறிஞ்சா என்னயத்தான எறியணும்.”

விருமாண்டியின் மீசை ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. “தொப்பையும் உங்களதா?”

“என்னோடதுதாங்கய்யா” என்று அந்தப் பொய்யையும் சொல்லிவைத்தான்.

“விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டலைம்பாங்க. இவருக்கு மீசையே இல்ல, எங்க ஒட்டுறது?” என்று அவர் மாட்டிடம் சொன்னார். “இந்தா தாசில்தாரு, பாரு. உன்னத்தான் செஞ்சிருக்காரு. தம்பி, கிட்ட வாங்க, அதுகிட்ட நீங்களே காட்டுங்க. அதுக்குப் பிடிச்சாத்தான் எனக்கும்.”

ஜெரால்டு சிலையை வாங்க ஓரடி எடுத்து வைத்தான். கொழுக்கட்டை மூக்கை நீட்டிச் சிலையை மோந்து பார்த்த தாசில்தார், பெயின்ட் நெடி பிடிக்காமல் ‘புர்ர்’ என்று ஒரு தும்மல் போட்டுத் தலையைச் சிலுப்பியது. அவ்வளவுதான். கயிறு அறவில்லை, கொம்பு படவில்லை, மாடு நின்ற இடத்தைவிட்டு நகரக்கூட இல்லை. ஆனால் ஜெரால்டு பறந்தான். பின்பக்கமாக, கை இரண்டும் விரிய, கால் இரண்டும் அகல, கண்ணாடி ஒரு காதில் தொங்க, அடையாள அட்டை முகத்தில் அடிக்க, வைக்கோல் படப்புக்குள் தலைகீழாகப் போய்ச் சொருகினான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு நாகஜோதி ஓடிவந்தாள். “என்னண்ணே, படப்புக்குள்ள ரெண்டு காலு மட்டும் தெரியுது!”

வைக்கோலுக்குள் கிடந்த ஜெரால்டின் காதில் ஒரு விநோதமான சத்தம் மட்டும் விழுந்தது. விருமாண்டி சிலையையும் படப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். “அச்சு அசல்! தமிழு, இங்க ஓடியா! அச்சு அசலா செஞ்சிருக்கான் பாரு! அந்தக் காலு, அந்தக் கையி...”

நாகஜோதி சிலையை வாங்கிப் பார்த்தாள். “அட, நம்ம தாசில்தாரு! மேல பறக்குறது யாருண்ணே?”

“எங்க மருமகன்.”

“அப்ப படப்புக்குள்ள கெடக்குறது?”

“அதுவும் எங்க மருமகன்தான்” என்றார் விருமாண்டி, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “டேய், எந்திரிச்சு வாடா. உங்க அத்த காப்பி போட்டிருக்கா, ஆறிப்போகுது.”

அந்த ‘டா’வைக் கேட்ட சந்தோஷத்தில் ஜெரால்டுக்கு உடனே எழுந்திருக்கத் தோன்றவில்லை. தமிழ்வாணி வந்து காலைப் பிடித்து இழுக்கும்வரை தலைகீழாகவே கிடந்தான்.